எரிவாயு பொருத்திய பழைய வாகனம் பெற்றோலில் சீராக ஓட மறுத்தால்: கொழும்பு வாகன உரிமையாளருக்கான வழிகாட்டி

பெற்றோலிலும் எரிவாயுவிலும் (எல்.பி. காஸ்) ஓடும்படி மாற்றப்பட்ட பழைய காரோ வானோ உங்களிடம் இருக்கலாம். எரிவாயுவில் சீராக ஓடும் அதே எஞ்சின், பெற்றோலுக்கு மாற்றியவுடன் நடுங்குகிறது, சிக்னலில் நிற்கும்போது அணைந்துவிடுகிறது, ஏ.சி.யைப் போட்டால் மூச்சடைக்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. இதே கோளாறுள்ள என் பழைய வானை எரிவாயு பொருத்துபவரிடமும் பெற்றோல் மெக்கானிக்கிடமும் மாறி மாறிக் கொண்டுசென்று, ஒருவர் திருகிய திருகாணியை மற்றவர் மறுபக்கம் திருகுவதை மாதக்கணக்கில் பார்த்தேன். அந்த அலைச்சலும் செலவும் இன்னொருவருக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வகை வாகனங்களில் பெற்றோல் ஐட்லிங் (வாகனம் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) கெடுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே உள்ளன. பயன்படுத்தாமல் விடப்பட்ட பெற்றோல் பக்கம் அடைத்துக்கொண்டிருக்கும். அல்லது பெற்றோலில் ஓடும்போதும் எரிவாயு உள்ளே கசியும். அல்லது எரிவாயுவுக்கு ஏற்றபடி யாரோ எஞ்சினின் பொதுவான அமைப்புகளை மாற்றிவைத்திருப்பார்கள். இம்மூன்றில் எது என்று பிரித்தறியும் முன் எந்த உதிரிப்பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

1. கராஜுக்குப் போகுமுன் ஆவணங்களை எடுத்து வையுங்கள்

பதிவுச் சான்றிதழில் எரிபொருள் வகை என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். வாகனத்தில் எரிவாயுத் தொகுதி இருந்து, சான்றிதழில் பெற்றோல் என்று மட்டும் இருந்தால், அதைத் திருத்துவது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேலை. என்னென்ன படிவங்கள், எவ்வளவு கட்டணம் என்பதை அங்கேயே கேட்டறிந்துகொண்டு, நாரஹேன்பிட்டி அலுவலகத்துக்குப் போக வேண்டுமா வேரஹெர அலுவலகத்துக்குப் போக வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். அதோடு, எரிவாயுத் தொகுதி பொருத்தியதற்கான பற்றுச்சீட்டு, எரிவாயுச் சிலிண்டரின் பரிசோதனைத் திகதி பொறிக்கப்பட்ட தகட்டின் புகைப்படம், காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். எரிவாயுத் தொகுதி இருப்பது காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். இது ஐட்லிங்கோடு தொடர்பற்றதாகத் தோன்றினாலும், வாகனத்தைத் திருத்தக் கொடுத்த இடத்தில் தீ விபத்து ஏதும் நேர்ந்தால் முதலில் எழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றிலும் அதிகம் பயன்படுவது, பலர் மடித்து வைத்துவிட்டு மறந்துபோகும் புகைப் பரிசோதனை அறிக்கைதான். அதில் காபனோரொட்சைட்டின் அளவும் ஐதரோகாபனின் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். ஐட்லிங் நிலையில் காபனோரொட்சைட்டு அதிகமாக இருந்தால் எரிபொருள் தேவைக்கு மேல் உள்ளே போகிறது என்று பொருள். காபனோரொட்சைட்டு குறைவாக இருந்து ஐதரோகாபன் மட்டும் உயர்ந்திருந்தால், எஞ்சினின் ஏதோவொரு சிலிண்டரில் எரிதல் தவறுகிறது, அல்லது கலவையில் காற்று மிஞ்சியிருக்கிறது. கராஜில் பாகங்களைக் கழற்றுமுன் இந்தத் தாளை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆனால் அந்தப் பரிசோதனை பெற்றோலில் செய்யப்பட்டதா எரிவாயுவில் செய்யப்பட்டதா என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எரிவாயுவில் எடுத்த எண்கள் பெற்றோலின் நிலையைச் சொல்லாது.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் தேவை என்பதால், அது காலாவதியாகும் திகதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக இந்த வேலையைத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் தொடங்கினால், எரிபொருளைக் குறைத்துக் கலவையை மெலிதாக்கி எப்படியோ தேற வைக்கும் தற்காலிகத் திருகல்தான் கிடைக்கும். அடுத்த நாளே எஞ்சின் பழையபடி அணையத் தொடங்கும்.

2. பாதுகாப்பு

எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே பறந்து கலையாமல் தரையில் தேங்கும். ஆகவே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தொடர்மாடிகளின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடங்களிலோ கராஜின் குழிக்கு மேலோ இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். திறந்த வெளியில், காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். கசிவைத் தேடுவதற்குச் சவர்க்கார நீரை மட்டும் பயன்படுத்துங்கள். லைட்டரைப் பிடித்துப் பார்க்கலாம் என்று சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அவரிடமிருந்து வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ரெடியூசரையும் (எரிவாயுவின் அழுத்தத்தைக் குறைத்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) எரிவாயுச் சிலிண்டரின் வால்வையும் நீங்களாகக் கழற்றவே வேண்டாம்.

3. எந்த எரிபொருளில் கோளாறு என்பதை உறுதிசெய்யுங்கள்

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்தபின், ஏ.சி., விளக்குகள், ரேடியோ அனைத்தையும் நிறுத்திவிட்டு, முதலில் எரிவாயுவில் சில நிமிடங்கள் ஓடவிட்டு ஐட்லிங்கைக் கவனியுங்கள். பிறகு பெற்றோலுக்கு மாற்றுங்கள். மாற்றிய உடனேயே முடிவெடுக்க வேண்டாம்; காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள வாகனமானால் அதன் கிண்ணத்தில் பெற்றோல் நிரம்புவதற்கும், இரண்டு எரிபொருளும் கலந்திருக்கும் இடைநிலை முடிவதற்கும் நேரம் கொடுங்கள்.

இரண்டிலும் ஐட்லிங் மோசமாக இருந்தால் ப்ளக், இக்னிஷன், கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்), காற்றுக் கசிவு போன்ற பொதுவான காரணங்களைத் தேட வேண்டும். பெற்றோலில் மட்டும் மோசமென்றால் பின்வரும் சோதனையைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

எரிவாயுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது எரிவாயுச் சிலிண்டரின் கைவால்வை மூடுங்கள். குழாயில் மிஞ்சிய வாயு தீர்ந்து எஞ்சின் தானாக அணையும். இப்போது பெற்றோலுக்கு மாற்றி மீண்டும் இயக்குங்கள். முன்பு நடுங்கிய எஞ்சின் இப்போது ஓரளவு சீராக ஓடினால், கோளாறு பெரும்பாலும் பெற்றோல் பக்கத்தில் இல்லை. எரிவாயுவை நிறுத்த வேண்டிய சொலனொயிட் வால்வோ (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) ரெடியூசரின் டயபிரமோ (உள்ளேயுள்ள சவ்வு) முழுமையாக மூடாமல், பெற்றோலோடு எரிவாயுவையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் இரண்டையும் ஒருங்கே விழுங்கித் திணறுகிறது. இந்த ஒரு சோதனைக்குச் செலவு எதுவுமில்லை. ஆனால் இதைச் செய்யாமல் காபரேட்டரைக் கழற்றிக் கழுவியவர்கள் பலரை எனக்குத் தெரியும். சோதனையில் இப்படித் தெரிந்தால், ரெடியூசரின் டயபிரம் தொகுதியை மாற்றுவதற்கு எரிவாயு பொருத்துபவரிடமே போங்கள். அதுவரை கைவால்வை மூடியே வைத்திருங்கள்.

4. பெற்றோல் எஞ்சின்வரை ஒழுங்காக வருகிறதா

எரிவாயுவில் ஓடும் வாகனத்தின் பெற்றோல் தாங்கி மாதக்கணக்கில் தொடப்படாமல் இருக்கும். இலகுவில் ஆவியாகும் பகுதி போய்விட, மீந்தது பிசின்போல் படியத் தொடங்கும். பாதி வெறுமையான தாங்கிக்குள் நம்மூர் ஈரக்காற்று நீராகப் படிந்து துருவையும் உண்டாக்கும். பல மாதப் பழைய பெற்றோல் இருந்தால் அதை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். 92 ஒக்டேனுக்குப் பதிலாக 95 போட்டால் ஐட்லிங் சரியாகிவிடும் என்று எரிபொருள் நிரப்பு நிலையத்தில் யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஒக்டேன் எண், எரிபொருள் தட்டலை (எஞ்சினுக்குள் தானாக வெடித்தெரிவதை) எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிப்பதேயன்றி, அடைத்த ஜெட்டை (பெற்றோல் வரும் நுண்துளையை) திறப்பதில்லை.

அடுத்து பெற்றோல் பில்டர். விலை மிகக் குறைந்த பாகம் அதுதான் என்பதால் சந்தேகமின்றி மாற்றலாம். அதன்பின், காபரேட்டர் வாகனங்களில், எரிவாயு பொருத்தியபோது பெற்றோல் குழாயின் நடுவே வைக்கப்பட்ட சொலனொயிட் வால்வைப் பாருங்கள். சுவிட்சைப் பெற்றோலுக்கு மாற்றும்போது அதிலிருந்து ஒரு சொடுக்கொலி கேட்க வேண்டும். பல வால்வுகளின் அடியில் கையால் திறந்துவைக்க ஒரு திருகாணி இருக்கும். அதைத் திறந்தவுடன் எஞ்சின் சீரானால் கோளாறு அந்த வால்வில் அல்லது அதன் வயரில் இருக்கிறது. காலி வீதியை ஒட்டிய கடலோரப் பகுதிகளில் வாகனம் நிற்குமானால், உப்புக்காற்றால் பச்சை பூத்த வயர் முனைகளையும் எர்த் இணைப்பையும் முதலில் சுத்தம் செய்யுங்கள்.

ஈ.எப்.ஐ. வாகனங்களில் (காபரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெற்றோலைத் தெளிப்பவை) பெற்றோல் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கும், அதைக் குளிர்விப்பதும் அந்தப் பெற்றோலேதான். எரிவாயுவில் ஓடும்போது பம்பை நிறுத்தும் ரிலே பொருத்தப்படாத வாகனங்களில், தாங்கி வற்றிக் கிடக்க பம்ப் மட்டும் வெறுமையில் ஓடித் தேய்ந்துபோகும். பெற்றோல் அழுத்தத்தை அளந்து பார்க்காமல் பம்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

5. காபரேட்டர் உள்ள வாகனமானால்

ஐட்லிங்குக்கான பெற்றோல் மிக நுண்ணிய ஜெட் வழியாகத்தான் வருகிறது. பிசின் முதலில் அடைப்பதும் அதைத்தான். சாதாரண வேகத்தில் வாகனம் நன்றாக ஓடி, காலை எடுத்தவுடன் மட்டும் அணைந்தால், ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கலாம். அல்லது காபரேட்டரிலேயே உள்ள ஐட்லிங் சொலனொயிடுக்கு மின்சாரம் வராமல் இருக்கலாம். எரிவாயு வேலையின்போது அந்தச் சொலனொயிடின் வயரை இழுத்து வேறெதற்கோ பயன்படுத்தியிருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கழற்றுமுன் வயரைப் பாருங்கள். கழுவ நேர்ந்தால் ஜெட்டுக்குள் கம்பி விட அனுமதிக்காதீர்கள், துளை பெரிதாகிவிடும். அதற்கான திரவமும் அழுத்தக் காற்றும் போதும்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. ஜப்பானியக் காபரேட்டர்கள் பலவற்றில் சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு) தானாகத் திறப்பது ரேடியேட்டர் வெந்நீரின் சூட்டினால்தான். ரெடியூசருக்கும் அதே வெந்நீர் வேண்டும் என்பதால், பொருத்துபவர் சில வேளைகளில் சோக்குக்குப் போகும் குழாயிலிருந்தே கிளை எடுத்துவிடுவார். வெந்நீர் போதாமல் சோக் அரைகுறையாக மூடியே இருக்கும். பெற்றோல் அளவுக்கு மேல் போகும், புகை கறுக்கும், அறிக்கையில் காபனோரொட்சைட்டு உயரும். எஞ்சின் சூடானபின் காற்று பில்டரைத் திறந்து சோக் தகடு நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும்.

6. ஈ.எப்.ஐ. வாகனமானால்

இங்கே முதற்சந்தேகம் எமுலேட்டர் மீதுதான். எரிவாயுவில் ஓடும்போது பெற்றோலைத் தெளிக்கும் இஞ்செக்டர்களை நிறுத்தி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வை ஏமாற்றிவைப்பது அதன் வேலை. பெற்றோலில் ஓடும்போதும் மின்னோட்டம் அதன் உள்ளே உள்ள தொடுமுனைகள் வழியாகத்தான் போகிறது. அவை தேய்ந்தால் எஞ்சினின் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு ஓடும். பெரும்பாலான தொகுதிகளில் எமுலேட்டரை விலக்கி இஞ்செக்டர்களின் மூல இணைப்பைத் திரும்பப் பொருத்தலாம். அப்படிப் பொருத்தியபின் ஐட்லிங் சரியானால், இஞ்செக்டர் சுத்தம் செய்யவோ ஈ.சி.யூ. வாங்கவோ தேவையில்லை.

இணைப்பை மாற்றியும் நடுக்கம் தீரவில்லையென்றால், இஞ்செக்டர்களில் பிசின் படிந்திருக்கிறதா என்று அவற்றைக் கழற்றிச் சோதனை மேசையில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐட்லிங் வால்வையும், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் தகட்டையும் அதே நாளில் கரி நீக்கச் செய்யுங்கள். ஈ.சி.யூ. நீண்டகாலமாக எரிவாயுவில் ஓடிய அனுபவத்தை வைத்து பெற்றோலின் அளவைத் தவறாகக் கற்றுவைத்திருப்பதும் உண்டு. வேலைகள் முடிந்தபின் பற்றரியின் மறை முனையைச் சற்று நேரம் கழற்றிவைத்து அந்த நினைவை அழித்துவிட்டு, எரிவாயுவைத் தொடாமல் சில நாட்கள் பெற்றோலிலேயே ஓட்டுங்கள்.

7. காற்றுக் கசிவு

மிக்ஸர் (எரிவாயுவைக் காற்றோடு கலக்கும் பாகம்) பொருத்துவதற்காக, எஞ்சினுக்குக் காற்று செல்லும் இன்டேக் வழியில் ஒரு தட்டு நுழைக்கப்பட்டிருக்கும். அதன் கஸ்கட் (மூட்டை அடைக்கும் தகடு), வெக்யூம் (எஞ்சினின் உறிஞ்சல்) குழாய்களில் போடப்பட்ட கிளை மூட்டுகள், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் ஆகிய ஒவ்வொன்றும் பழுதாகக்கூடிய இடம். எஞ்சின் சூட்டில் இருபது ஆண்டுகள் வெந்த இறப்பர் எப்படியிருக்கும் என்பதைக் கையால் வளைத்துப் பார்த்தாலே தெரியும். ஜப்பானிய வாகனங்களின் பொனட்டின் உட்புறத்தில் வெக்யூம் குழாய்களின் வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். அதோடு ஒப்பிட்டு, எந்தக் குழாய் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறதா என்று பொறுமையாகப் பாருங்கள்.

எரிவாயுவில் ஓடும்போது எப்போதாவது இன்டேக் பக்கமாக வெடிச்சத்தம் கேட்டிருந்தால், அதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வெடிப்பு காற்று பில்டர் பெட்டியைப் பிளக்கும், இறப்பர் குழாயைக் கிழிக்கும், மடல் உள்ள பழைய காற்றளவுமானிகளில் அந்த மடலையே வளைத்துவிடும். மிக்ஸர் உள்ள எரிவாயு அமைப்பு அந்த அளவுமானியைப் பார்த்து இயங்குவதில்லை, அதனால் எரிவாயுவில் எந்தக் குறையும் தெரியாது. பெற்றோலில் மட்டுமே எஞ்சின் தடுமாறும். கசிவைத் தேடுவதற்கு எஞ்சின் மீது காபரேட்டர் கிளீனரைத் தெளிக்கும் பழக்கம் நம் கராஜ்களில் சாதாரணம். அது சூடான எக்ஸோஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும். சந்தேகமுள்ள மூட்டில் சிறிது நீரைத் தெளித்து ஓட்டம் மாறுகிறதா என்று பார்ப்பதே போதுமானது.

8. ப்ளக், டைமிங், வால்வு இடைவெளி

ஐட்லிங் என்றவுடன் ப்ளக்கை மாற்றச் சொல்வது வழக்கம். சற்று யோசியுங்கள்: எரிவாயுவைப் பற்றவைக்கப் பெற்றோலைவிடப் பலமான தீப்பொறி தேவை. பலவீனமான ப்ளக்கும் வயரும் பெரும்பாலும் முதலில் எரிவாயுவில்தான் தம்மைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே எரிவாயுவில் நன்றாக ஓடி பெற்றோலில் மட்டும் கெடும் வாகனத்துக்குப் புது ப்ளக் வாங்குவது கடைசியில் செய்ய வேண்டியது. ஆனால் டைமிங்கை, அதாவது தீப்பொறி எழும் நேரத்தை, சரிபாருங்கள். எரிவாயுவுக்காக அதை முன்னகர்த்தி வைத்திருப்பார்கள். தயாரிப்பாளர் குறித்த அளவுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டு எரிபொருளிலும் ஐட்லிங் கெட்டிருந்தால், எஞ்சின் வால்வுகளின் இடைவெளியையும் கொம்பிரஷனையும் அளக்கச் சொல்லுங்கள். எரிவாயுவில் நெடுங்காலம் ஓடிய சில எஞ்சின்களில் வால்வு இருக்கை தேய்ந்து இடைவெளி சுருங்கிவிடும்.

9. சரிசெய்யும் ஒழுங்கு மாறக்கூடாது

எல்லாம் சுத்தமானபின் முதலில் எரிவாயுச் சிலிண்டரின் வால்வு மூடிய நிலையில், பெற்றோலில் மட்டும் ஐட்லிங்கைப் பொனட் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அமையுங்கள். பிறகு ஏ.சி.யைப் போட்டு, வேகம் தானாக உயர்த்தப்படுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பின்னரே எரிவாயுவைத் திறக்க வேண்டும். எரிவாயுவின் ஐட்லிங்கை ரெடியூசரில் உள்ள அதற்குரிய திருகாணியால் மட்டுமே சரிசெய்ய வேண்டும். த்ரொட்டில் திருகாணியையும் காபரேட்டரின் கலவைத் திருகாணியையும் அப்போது தொடவே கூடாது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் இரண்டு வெவ்வேறு கராஜ்கள் என்றால், முதல் கராஜில் அமைத்த திருகாணிகளின் நிலையைப் புகைப்படமெடுத்து, இரண்டாவது கராஜில் வேலை தொடங்குமுன் காட்டுங்கள். என் வானின் சிக்கல் தீர்ந்தது இந்த ஒழுங்கை இருவரும் ஏற்றுக்கொண்ட பிறகுதான்.

10. செலவும் நேரமும்

உதிரிப்பாக விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதால் ரூபாய்க் கணக்கு எழுதிப் பயனில்லை. செலவின் ஏறுவரிசை மட்டும் மாறுவதில்லை. முதலில் பெற்றோல் பில்டர், வெக்யூம் குழாய்கள், கஸ்கட்டுகள். அடுத்து காபரேட்டர் அல்லது இஞ்செக்டர் சுத்தம், ரெடியூசர் டயபிரம். அதற்குமேல் எமுலேட்டர், பம்ப், காற்றளவுமானி. கடைசியாக எஞ்சின் வால்வு வேலை. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்பதும், எது வீண்செலவு என்பதும் தெரியாமல் போகும்.

பஞ்சிகாவத்தையில் பழைய காபரேட்டரோ காற்றளவுமானியோ வாங்கப் போகிறீர்கள் என்றால், கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும் கடையிலேயே வாங்குங்கள். கராஜில் கூலியையும் பாகங்களின் விலையையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வாகனத்தை முதல்நாள் மாலையே விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் குளிர்ந்த எஞ்சினைக் காலையில் முதன்முறை இயக்கும்போது தெரியும் குறை, நண்பகலில் ஓட்டிக்கொண்டு போனால் தெரியாது. திரும்ப எடுக்கும்போது, ஏ.சி.யைப் போட்டபடி ஆமர் வீதியிலோ பொரளைச் சந்தியிலோ நெரிசல் நேரத்தில் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெறுமையான வீதியில் செய்யும் பரீட்சை ஐட்லிங்கைப் பற்றி எதுவும் சொல்லாது.

11. சரியானபின்

தாங்கியில் குறைந்தது கால்வாசிப் பெற்றோல் எப்போதும் இருக்கட்டும். ஒவ்வொரு காலையும் பெற்றோலில் இயக்கி, எஞ்சின் சூடாகும்வரை அதிலேயே ஓட்டிவிட்டுப் பிறகு எரிவாயுவுக்கு மாறுங்கள். காபரேட்டர் வாகனங்களில் மாறும்போது சுவிட்சை நடு நிலையில் வைத்து, கிண்ணத்துப் பெற்றோல் தீர்ந்து எஞ்சின் தயங்கத் தொடங்கும் தருணத்தில் எரிவாயுவுக்குத் தள்ளுங்கள்.

எரிவாயுத் தொகுதியே வேண்டாம் என்று முடிவெடுத்தால், சிலிண்டரை வெறுமையாக்கிக் கழற்றும் வேலையை எரிவாயு பொருத்துபவரிடமே கொடுங்கள். மிக்ஸர் தட்டையும் வெக்யூம், வெந்நீர்க் குழாய்களின் கிளை மூட்டுகளையும் முழுமையாக நீக்கி, மூல நிலைக்குக் கொண்டுவந்ததாக எழுத்தில் பெறுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதியைக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிவுச் சான்றிதழில் எரிபொருள் வகையைத் திருத்துவதற்காக மூலப் பிரதியோடு திணைக்களத்துக்குப் போங்கள்.